ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாளும் ஒரே மூடுபனி. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும் போல இருந்தது, ஏரிப்பக்கம், லேடீஸ் சீட் என்று எங்கும் போக வழியில்லை, போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பத்தாவது படிக்கிற சித்தி பையன் பொழுது போகாமல் பரணை உருட்டி ஒரு மாம்பழ அட்டைப்பெட்டியை இறக்கினான். உள்ளே என் பிஎஸ்2, சோனியின் ப்ளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்.

2008-ல் வாங்கியது. ஒல்லி மாடல், 77000 வரிசை. வேலைக்குப் போன வருஷம் 'தம்பி பெரியவனானா ஆடட்டும் சித்தி' என்று பெருந்தன்மையாக இங்கே விட்டுவிட்டுப் போனேன், அதற்கப்புறம் அதை மறந்தே போனேன். சித்தி வீட்டு டிவி பழசு என்பதால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்களைக் குத்த இடமிருந்தது. சொருகினோம், பட்டனை அழுத்தினோம், சிவப்பு விளக்கு பச்சையானது, அந்த 'ம்ம்ம்' சத்தம் வந்தது. சத்தியமாக எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேம் டிஸ்க்கைப் போட்டோம். ஸ்லாட் 1-ல் இருக்கும் மெமரி கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. (ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற 'சேவ்' எல்லாம் அந்த கார்டில்தான் இருக்கும், ஃபார்மட் செய்தால் மொத்தமும் அழிந்துவிடும்.)

"அண்ணா, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, பண்ணிடட்டா?"

கட்டைவிரல் எக்ஸ் பட்டன் மேலேயே இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து சித்தி ஓடி வந்துவிட்டார்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதற்கு 2012-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் சேலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது, சில நாள் அதுவும் கிடையாது. அணையும் அனல் மின்சாரமுமாக மேட்டூர் இருக்கிற மாவட்டத்தில் நாங்கள் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம். என் மாமா பையன், எனக்கு மச்சான் முறை, தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து கரண்ட் இருக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணி சான் ஆண்ட்ரியாஸ் ஆடுவான். மாதக்கணக்கில் ஆடி, கடைசி மிஷன்களுக்கு வந்துவிட்டான். ஒரு நாள் அவன் சேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போது, 'கார்டை எடுக்காதே, அணைக்காதே' என்ற எச்சரிக்கை திரையில் இருக்கும்போதே, கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மச்சான் எங்கம்மாவிடம் காபி வாங்க உள்ளே போயிருந்தான். ஃபார்மட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. சரி பண்ணுவதற்குத்தான் ஏதோ கேட்கிறது என்று நான் 'யெஸ்' அழுத்தினேன்.

இன்றுவரை கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிக்கப் போகிற இடம் என எங்கே பார்த்தாலும், "வாடா மாப்ள, ஃபார்மட்டு" என்றுதான் கூப்பிடுகிறான். அந்த கார்டு உண்மையிலேயே போயிருந்ததா, காப்பாற்றியிருக்க முடியுமா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிஎஸ்2 கார்டு 8 எம்பி. உள்ளே ஃபிளாஷ் சிப், பேட்டரி எதுவும் கிடையாது, அதனால் வருஷக்கணக்கில் பரணில் கிடந்தாலும் பேட்டரி தீர்ந்து சேவ் அழிந்துபோகும் என்ற பயம் வேண்டாம். (கன்சோலுக்குள் ஒரு சில்லறைக் காசு அளவு பேட்டரி இருக்கிறது, அது கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் தேதியும் நேரமும் தப்பாகக் காட்டும், சேவ்களை ஒன்றும் செய்யாது. இதை வைத்துக் கார்டு போச்சு என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) சிப்பின் எழுத்தெல்லாம் 512 பைட் பக்கங்களாக இருக்கும். முதல் பக்கத்தில் இது சோனியின் பிஎஸ்2 மெமரி கார்டு ஃபார்மட் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், எது எங்கே இருக்கிறது என்ற விவரமும் இருக்கும். கன்சோல் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். படிக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் 'இது புதுக் கார்டு போலிருக்கிறது, ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கிறது. பக்கம் நிஜமாகவே கெட்டிருந்தாலும் இதே கேள்விதான், பக்கம் ஒழுங்காக இருந்து நடுவில் தொடுமுனையில் அழுக்கு இருந்தாலும் இதே கேள்விதான். வீட்டுக் கதவில் ஒட்டடை படிந்திருப்பதைப் பார்த்து, ஆள் இல்லாத வீடு, இடித்துவிடலாமா என்று கேட்கிற மாதிரி.

எழுதும்போது கரண்ட் போனால் ஏன் ஆபத்து என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஃபிளாஷில் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக அழித்து எழுத முடியாது, 16 பக்கங்களை ஒரு கட்டாக அழித்துவிட்டுத்தான் திரும்ப எழுத வேண்டும். அழித்த பிறகு, எழுதுவதற்கு முன் கரண்ட் போனால் அந்தக் கட்டில் இருந்தது காலி. இப்படி நடக்கும் என்று தெரிந்தே நகல் வைத்துக்கொள்ள கார்டில் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு பவர்கட்டும் கார்டைக் கொன்றுவிடாது. மச்சானுடையதுக்கு நேரம் சரியில்லை, இல்லை என் விரலுக்கு நேரம் சரியில்லை.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். தம்பியின் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு, டிஸ்க்கை எடுத்துவிட்டு, கன்சோலை வெறுமனே ஆன் செய்து பிரவுசருக்குள், அதாவது கார்டில் என்ன இருக்கிறது என்று காட்டும் கன்சோலின் சொந்தத் திரைக்குள், போனேன். எப்போதுமே முதலில் இதைச் செய்யுங்கள், கேமுக்குள் இருந்துகொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதீர்கள். கார்டை ஸ்லாட் 2-க்கு மாற்றினேன், அங்கேயும் அதே கதை. பெட்டியில் இன்னொரு கார்டு கிடந்தது, அதை ஸ்லாட் 1-ல் போட்டால் ஒரு தடவை தெரிகிறது, மறுதடவை கார்டே இல்லை என்கிறது. இரண்டு கார்டும் இரண்டு ஸ்லாட்டும் இப்படி ஆளுக்கொரு பதில் சொன்னால் அது சிப் கோளாறாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஈரம்தான். 1,500 மீட்டர் உயரத்தில், வருஷத்தில் பாதி நாள் பனிக்குள் இருக்கிற ஊரில், ஓட்டுக்குக் கீழே பரணில், பத்து வருஷத்துக்கு மேலே.

"இங்க சாமி படத்துக்கே பூசணம் புடிக்குது, உன் டப்பாவுக்குப் புடிக்காதா" என்றார் சித்தி. நியாயம்தான். பெல்ட், செருப்பு, சித்தப்பாவின் பழைய கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் பொடி இருந்தது.

தம்பி கார்டை வாயருகே கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதப் போனான். அந்தக் கால 8 பிட் கேசட் பழக்கம் இவன் தலைமுறைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை, ரத்தத்தில் வருகிறது போல. ஊதாதீர்கள். ஏற்கெனவே ஈரத்தால் வந்த வினை, அதற்கு மேலே எச்சில் ஈரம் வேறு.

மறுநாள் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பெட்டியைப் பிள்ளை மாதிரி பிடித்திருந்ததைப் பார்த்து பக்கத்து சீட் அம்மா, "என்னப்பா, மலைத்தேனா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

நேரே மாமாவிடம். மாமாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கம்ப்யூட்டர், கேம் எதுவும் தெரியாது, ஆனால் உலோகத்தில் என்ன படிந்திருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டின் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு பென்சில் ரப்பரை எடுத்து, இதால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமாமே என்றேன், நெட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"தேய்ச்சா பளிச்சுன்னுதான் ஆவும். ரெண்டு மாசம் கழிச்சு மொத்தமா போயிரும். இது வெறும் முலாம்டா. பொன் முலாம், அதுவும் பேருக்குத்தான். ரப்பர்ல தேய்ச்சீன்னா முலாம் போய் அடியில செம்பு தெரிஞ்சிரும், செம்புல களிம்பு ஏறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

இதை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. ரப்பரில் அரைக்கிற பொடி கலந்திருக்கும், அது அழுக்கோடு சேர்த்து முலாமையும் கொண்டுபோய்விடும். அந்த முலாம் இருக்கிறவரைதான் பாதுகாப்பு. வேறு வழியே இல்லாமல் கெட்டியாகப் படிந்திருந்தால், நாலு இழுப்பு, மெதுவாக, அவ்வளவுதான். வெள்ளி பாலிஷ், புளி, பல்பொடி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். (கொலுசுக்கே புளி போடாதே என்பார் மாமா, அது தனிக்கதை.)

செய்ய வேண்டியது இது. செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள், ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். தண்ணீர் அதிகம் கலந்த சானிடைசர் வேண்டாம். காது குடையும் பட்ஸில் லேசாக நனைத்து, கார்டின் வாய்க்குள் தெரிகிற பொன்னிறப் பட்டைகளை நீளவாக்கில் இழுத்துத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். முதல் பட்ஸ் எனக்குக் கறுப்பாக வந்தது, இரண்டாவது பச்சை கலந்த பழுப்பு, நாலாவதில்தான் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் ஸ்லாட். கன்சோலின் ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, கார்டின் பட்டைகளில் துளி ஐபிஏ தடவி, ஸ்லாட்டில் பத்துப் பதினைந்து தடவை சொருகிச் சொருகி எடுத்தேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முனைகள் அந்த உரசலிலேயே சுத்தமாகிவிடும். குண்டூசி, திருப்புளி எதையும் உள்ளே விடாதீர்கள், ஒரு முனை வளைந்தால் அந்த ஸ்லாட் அதோடு சரி. முடிந்ததும் ஒரு மணி நேரம் காற்றாட வைத்தேன். அவசரப்பட்டு ஹேர் டிரையர் போட வேண்டாம், சேலத்து வெயில் போதும்.

இத்தனைக்கும் பிறகு கார்டும் தெரியவில்லை, கன்ட்ரோலரும் வேலை செய்யவில்லை என்றால் கார்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இரண்டும் முன்னால் ஒரே பாகத்தில்தான் போய்ச் சேருகின்றன, போர்டில் இருக்கிற பொடி ஃபியூஸ் போயிருக்கலாம். அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

வீட்டில் டிவி புதுசு, அதற்கு ஒரு கன்வெர்ட்டர் தேட வேண்டியிருந்தது. ஆன் செய்து பிரவுசருக்குள் போனேன். ஸ்லாட் 1, எட்டாயிரம் கேபியில் மீதி எவ்வளவு என்று எண் வந்தது. ஃபார்மட் ஆகாத கார்டு என்றதே, அதே கார்டு. உள்ளே வரிசையாகப் படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

முதல் வேலை ஆடுவது கிடையாது, நகல் எடுப்பது. பத்து வருஷம் தூங்கி எழுந்த கார்டை நம்பக் கூடாது. இன்னொரு நல்ல கார்டு இருந்தால் பிரவுசரிலேயே ஒவ்வொன்றாக காப்பி செய்யலாம், சில கேம்கள் காப்பி செய்ய விடாது. என்னிடம் ஃப்ரீ மெக்பூட் (வெளி மென்பொருள்களை பிஎஸ்2-வில் ஓட்ட வழிசெய்கிற மென்பொருள்) ஏற்றிய கார்டு ஒன்று இருந்தது, சென்ற வருஷம் ஆன்லைனில் வாங்கியது. அதை ஸ்லாட் 1-ல் வைத்து, பழைய கார்டை ஸ்லாட் 2-ல் வைத்தால், யூலாஞ்ச் எல்ஃப் என்ற ஃபைல் மேனேஜரில் எம்சி1 என்று பழைய கார்டும், மாஸ் என்று பென்டிரைவும் தெரியும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கம் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம், பிஎஸ்2-வின் யூஎஸ்பி பழைய 1.1, அவசரப்படாது. உங்கள் கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், 90000 வரிசையில் பிந்தி வந்தவற்றில் ஃப்ரீ மெக்பூட் ஓடாது.

இந்த ஃபைல் மேனேஜரால் எனக்கு ஒரு பழைய மர்மமும் தீர்ந்தது. முதலில் வாங்கிய சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க் கீறல் விழுந்து போனதும் வேறொன்று வாங்கிப் போட்டால், கார்டில் இருக்கிற சேவ் அந்த டிஸ்க்குக்குத் தெரியவே தெரியாது. பிரவுசரில் பார்த்தால் இருக்கும், கேமுக்குள் போனால் இல்லை. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுக் கார்டு வாங்கினேன், முட்டாள்தனம். யூலாஞ்ச் எல்ஃபில் பார்த்தால் சேவ் எல்லாம் ஃபோல்டர்கள். ஒன்றின் பெயர் பி, இ, எஸ், எல், இ, எஸ் என்று தொடங்குகிறது, இன்னொன்று பி, ஏ, எஸ், எல், யு, எஸ். முதலாவது ஐரோப்பிய டிஸ்க்கின் சேவ், இரண்டாவது அமெரிக்க டிஸ்க்கின் சேவ். பெயரும் அட்டையும் ஒன்றாக இருந்தாலும் கன்சோலுக்கு இரண்டும் வேறு வேறு கேம். நம் பக்கம் கடையில் எந்த நாட்டு டிஸ்க் என்று யார் பார்த்து வாங்கினோம்? சேவ் மட்டும் காணவில்லை என்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

பிஎஸ்1 கேம்களை பிஎஸ்2-வில் போட்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: அவை பிஎஸ்2 கார்டில் சேவ் ஆகாது, 15 ப்ளாக் கொண்ட பழைய பிஎஸ்1 கார்டேதான் வேண்டும். அந்த சேவ்களை பிஎஸ்2 கார்டுக்கு காப்பி செய்து பத்திரப்படுத்தலாம், அங்கிருந்தபடி ஆட முடியாது.

அப்புறம் பெட்டியில் இருந்த அந்த இரண்டாவது கார்டு. மேலே 64 எம்பி என்றும் சோனி என்றும் அச்சடித்திருக்கிறது. 2010 வாக்கில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கியது, பேரத்தில் ஜெயித்த சந்தோஷம் வேறு. சோனி தன் பெயரில் விற்றது 8 எம்பி மட்டும்தான். ஆகவே சோனி பெயரோடு 64 என்று இருந்தாலே போலி, சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. இது கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும், பாதி நிரம்பியதும் ஒரு நாள் காலையில் எல்லாமே 'கரப்டட் டேட்டா' ஆகிவிடும். சோனி பெயர் போடாத, வேறு கம்பெனிகளின் பெரிய கார்டுகளில் சில நன்றாகவே உழைத்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் இனி முக்கியமான சேவ்களை 8 எம்பியைத் தாண்டிய எதிலும் வைக்க மாட்டேன்.

'கரப்டட் டேட்டா' என்று ஒரே ஒரு சேவ் மட்டும் வந்தால் பதற வேண்டாம், அந்த ஒன்றின் எழுத்து பாதியில் நின்றிருக்கும், மற்றவை நன்றாக இருக்கும். மற்றவற்றை நகல் எடுத்துவிட்டு அதை மட்டும் அழியுங்கள். பிரவுசரில் அழிய மறுத்தால் யூலாஞ்ச் எல்ஃபில் அழியும். அதிலும் முடியவில்லை, நகலும் கையில் இருக்கிறது என்றால் அப்போது ஃபார்மட் செய்யலாம். அப்போது மட்டும்.

ராத்திரி மச்சானுக்கு போன் போட்டேன். திருப்பூரில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். கார்டு பிழைத்துவிட்டது, 2013 சேவ் எல்லாம் அப்படியே இருக்கிறது, உங்கப்பாதான் காப்பாற்றினார் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"2013-ஆ? எவனோடது?"

"என்னுதுதான் மச்சான்."

"என்னுது?"

"அது... அதே கார்டுதான். அதுக்கு முன்னாடி."

போனை வைத்துவிட்டான்.